மேல்மாடியில் மணி, கீழ்மாடியில் துணி

அருங்காட்சியக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அனுபவத்திலிருந்து நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவள், இனிப்பாக எதையாவது எழுதிக் கொடுப்பாள் என்று நினைத்திருப்பார்கள். என்னோடு வேலை பார்த்தவர்களில் ஒருவரைக்கூட விசாரிக்காமல் கேட்டுவிட்டார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

என் பதவிக்குப் பெயர் ரெஜிஸ்ட்ரார். எங்கள் மாதா கோயில் பங்கில் பாதிப் பேர் நான் கல்யாணம் பதிகிறவள் என்றே நினைத்திருந்தார்கள். ஜாதகம் வேறு கேட்பார்களோ என்று பயந்திருக்கிறேன். வேலை அதுவல்ல. வீடுகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் இரவல் வாங்கும் பொருளைக் கீறல் படாமல் கொண்டுவந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்து, கீறல் படாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் கையெழுத்து இல்லாமல் ஒரு ஊசிகூட ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு நகரக் கூடாது. எனக்கு இருந்த அதிகாரம் அவ்வளவுதான். மற்ற எல்லா அதிகாரமும் கூட்டத்தில் பேசத் தெரிந்தவர்களிடம் இருந்தது.

நீங்களும் பேசத் தெரிந்தவர்கள்தான். பட்டம் வாங்கியிருக்கிறீர்கள். 'ஊடாட்டம்', 'பன்முகத்தன்மை', 'கடல்சார் வலைப்பின்னல்' எல்லாம் மூச்சு வாங்காமல் சொல்கிறீர்கள். போன மாதம் உங்களில் ஒருவர் எழுதிய லேபிளைப் படித்தேன். ஒரு மீன்குழம்புச் சட்டிக்கு அத்தனை பெரிய வார்த்தையா? அந்தச் சட்டிக்கு வாயிருந்தால் சிரித்திருக்கும். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அம்மாள் அதிகம் பேசமாட்டார், பேசியதில் பாதி திட்டு. ஆனால் ஒன்று சொன்னார்: "லேபிள் எழுதினா, பொருளைக் குடுத்தவங்க மூஞ்சிக்கு நேரா நின்னு வாசிச்சுக் காட்டு. நாக்கு தடுமாறுச்சுன்னா கிழிச்சுப் போட்டுடு." இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் உங்களுக்கே கணினி சொல்லித் தரும்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் ஒரு பெரிய கண்காட்சி வந்தது. கடல்வழிகள் ஆசியாவை எப்படி உருவாக்கின என்பது தலைப்பு. ஒரு கண்டத்தின் கதையை மூன்று மாடிக்குள் சொல்லிவிடலாம் என்று எங்கள் இயக்குநருக்கு நம்பிக்கை. இந்தியர்களுக்கு ஒரு மாடி, மலாய்க்காரர்களுக்கு ஒரு மாடி, சீனர்களுக்கு ஒரு மாடி. மற்றவர்களுக்கு மாடிப்படி அருகே ஒரு மூலை. அடையாள அட்டையில் இனத்தைக் குறிக்கும் கட்டங்களை அப்படியே கட்டடமாகக் கட்டியதுபோல இருந்தது. கடலில் போன கப்பல்களுக்கு இந்த மாடிக் கணக்கு தெரியாது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

நுழைவாயில் சுவரில் ஒரு பெரிய வரைபடம். அதில் விளக்கு எரியும் அம்புக்குறிகள். தமிழ்ப் பகுதிக்கு ஓர் ஆலோசகர் இருந்தார். பெயர் வேண்டாம். எப்போது பார்த்தாலும் யாரோ போர்த்திவிட்ட சால்வையோடு இருப்பார் என்பதால் நான் அவரைச் சால்வைக்காரர் என்றே சொல்வேன். அவர் வந்து வரைபடத்தைப் பார்த்தார். நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பும் அம்புக்குறி மெலிந்திருக்கிறதாம்.

"கடலை ஆண்ட இனம் அம்மா நாம். நம் அம்பு இப்படியா நோஞ்சானாக இருப்பது?" என்றார்.

அம்பைத் தடிமனாக்கினார்கள். மறுநாள் சீனப் பகுதி ஆலோசகர் வந்து தங்கள் அம்பைப் பார்த்தார். அதுவும் தடித்தது. பிறகு மலாய்ப் பகுதி. பிறகு அரபு வணிகர்களுக்காகப் பரிந்து பேச ஒருவர். ஆளாளுக்குச் சோறு ஊட்டி அம்புக்குறிகளை வளர்த்தார்கள். கடைசியில் எல்லா அம்பும் மலாக்கா நீரிணையில் போய் மோதி ஒரே சிவப்புத் திட்டாகிவிட்டது. அந்தத் திட்டுக்கு அடியில், நாங்கள் நின்றுகொண்டிருந்த சிங்கப்பூரே காணாமல் போயிற்று. திறப்பு விழா வரைக்கும் ஒருவரும் கவனிக்கவில்லை. அவரவர் அம்பை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அந்தப் படத்தில் வேறொரு கோபம். அதில் ஒரு கப்பலும் நிற்கவில்லை. பாய்மரக் காலத்தில் கடல் வணிகம் என்றால் பாதி வேலை நிற்பதுதான். ஒரு காற்றில் இங்கே வந்து சேர்ந்தவன், ஊருக்குத் திரும்ப வாடைக்காற்று எழும் வரைக்கும் இருந்தே தீரவேண்டும். மாதக்கணக்கில் இருக்கிறவன் மனுஷன்தானே? பசிக்கும், இந்த ஊர் மிளகாயைத் தன் ஊர் மசாலாவோடு அரைப்பான். தொழ இடம் தேடுவான். பேரம் பேச மலாய் கற்றுக்கொள்வான். காய்ச்சல் வந்தால் பக்கத்து வீட்டில் கஞ்சி கேட்பான், அடுத்த வருஷம் அந்த வீட்டுக்கே மருமகன் ஆவான். தேக்கா சந்தையில் வரிசையில் நின்று நீங்கள் வாங்கித் தின்கிற பாதிச் சாப்பாடு இப்படிக் காற்றுக்குக் காத்திருந்தவர்கள் கிண்டியது. கண்டத்தின் வரலாறு என்று நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி அம்புக்குறி நின்ற பிறகுதான் நடந்திருக்கிறது. அம்புக்குறிக்கு விளக்குப் போட்டவர்களிடம் இதை நான் சொல்லிப் பார்த்தேன். நல்ல பாயிண்ட் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு விளக்கின் நிறத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

இந்தக் கண்காட்சிக்குத்தான் ஜமீலாவிடமும் மைமூனிடமும் பொருள் வாங்கினேன். கூடப் பிறந்த அக்கா தங்கை. அக்கா ஜமீலா கேலாங் வட்டாரத்தில் இருந்தார். மலாய்க் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, பேச்சு, உடை, சமையல் எல்லாம் மலாய். பிள்ளைகளின் அட்டையிலும் மலாய் என்றே இருக்கும். தங்கை மைமூன் குவீன்ஸ்டவுனில். கணவர் நாகூர்ப் பக்கத்து வழி. வீட்டில் தமிழ். பிள்ளையின் அட்டையில் இந்தியர். ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கு அரசாங்கக் கணக்கில் இரண்டு கட்டம்.

நாலு தலைமுறைக்கு முந்தி இவர்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை நாகூரிலிருந்து பாய்மரக் கப்பலில் துணியும் பாசிமணியும் விற்க வந்தவர். பெண் மலாக்காக்காரி. வாடைக்காற்று வந்தது, கப்பல் போனது, அவர் போகவில்லை. அந்தப் பெண்ணை இவர்கள் பெரிய நன்னி, அதாவது பெரிய பாட்டி, என்று சொல்வார்கள். பெரிய நன்னியின் கல்யாண உடுப்பு, செம்பருத்தி நிறத்தில் ஜரிகை போட்ட பாஜு என்கிற மேல்சட்டையும் சாரோங் என்கிற கைலியும், அக்காவிடம் இருந்தது. கல்யாணத்தில் கழுத்தில் கட்டிய கருகமணி தங்கையிடம். அம்மா இறந்த பிறகு பிரித்துக்கொண்டது.

கருகமணி தெரியுமல்லவா? கறுப்பு மணியும் பொன்மணியும் கோத்தது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் கல்யாணப் பெண்ணின் கழுத்தில் ஏறுவது. மைமூன் அதை ஒரு டப்பாவிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்:

"எங்க ஜனத்துல மாப்பிள்ளையோட கூடப்பிறந்தவதான் இதைக் கட்டணும் மிஸ். ஆனா அந்த மனுஷன் கப்பல்ல ஒத்தையா வந்தவரு. அக்கா தங்கச்சி எல்லாம் நாகூர்ல. யாரு கட்டுறது? பொண்ணோட அக்காவே கட்டிட்டாங்க. அன்னையிலேர்ந்து எங்க குடும்பத்துல மட்டும் அப்படித்தான். பொண்ணோட அக்கா கட்டும். அக்கா இல்லன்னா பெரியம்மா."

நாகூரிலும் இல்லாத, மலாக்காவிலும் இல்லாத வழக்கம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் இந்தப் பக்கத்தில் பிறந்தது. எங்கள் ஆலோசகர்கள் ஆறு மாதம் தேடியும் கிடைக்காத ஒன்று குவீன்ஸ்டவுன் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தது.

"உங்க அக்கா மகளுக்கும் இதைத்தான் கட்டினாங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மைமூனின் முகம் மாறிவிட்டது.

சில வருஷங்களுக்கு முன் ஜமீலாவின் மகளுக்குக் கல்யாணம். வழக்கப்படி பெண்ணுக்குக் கட்டுவதற்காக, தன்னிடம் இருந்த கருகமணியை மைமூன் எடுத்துக்கொண்டு கேலாங் போயிருக்கிறார். சம்பந்தி வீட்டார் நிறைந்த கூடம். ஜமீலா வாசலிலேயே நிறுத்தி, இது இந்தியர்கள் வழக்கம், இங்கே வேண்டாம், பைக்குள் வை என்று சொல்லியிருக்கிறார். மைமூன் பைக்குள் வைத்தார். சோறு தின்னாமல் வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. பெருநாளுக்குக்கூட இல்லை.

இப்போது மைமூனின் ஒரே மகள் சபீனாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சபீனாவுக்கு அக்கா கிடையாது. கட்ட வேண்டியவர் பெரியம்மா.

"பத்திரிகை குடுக்கல மிஸ். குடுத்து, வரமாட்டேன்னுட்டா? அதான் இதுக்கு ஒத்துக்கிட்டேன். அவங்க உடுப்பும் என் கருகமணியும் ஒண்ணா நிக்கட்டும். லாத்தா வந்து ஒரு தடவை கண்ணால பார்க்கட்டும். அப்ப நான் வாயத் திறந்து கேட்டுடுவேன்."

லாத்தா என்றால் அக்கா. அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் கோபம் கொஞ்சம்தான் இருந்தது.

கேலாங் வீட்டில் ஜமீலா என்னோடு மலாயில்தான் பேசினார். உடுப்பைத் தரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார். இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கும்? ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டு, பாஜுவின் கழுத்துப் பட்டியைக் கையால் நீவிவிட்டுக் கொடுத்தார். அந்த நீவலில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு பேருமே ஒருவருக்கொருவர் கதவைத் தட்டப் பயந்து, எங்கள் கட்டடத்தை வாடகைத் திண்ணையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. இதைவிட உருப்படியான காரியத்துக்கு அந்தக் கட்டடம் பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டாம் மாடியில், மலாய்ப் பகுதியில், ஒரு பொம்மைக்கு உடுப்பை மாட்டி, கழுத்தில் கருகமணியையும் கட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தினோம். துணிகளைப் பராமரிக்கும் மெய் லிங் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, இந்த ஊர் வழக்கப்படி 'லா' போட்டு, அழகாக இருக்கிறது லா என்றாள். அவள் எதையும் அழகு என்று சுலபத்தில் சொல்லமாட்டாள். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் வெளிநாட்டுப் பெட்டி ஒன்று வந்து இறங்க வேண்டியிருந்ததால், நான் விமான நிலையச் சரக்குக் கிடங்கில் பகல் முழுக்கக் காவல் கிடந்தேன். அந்த ஒரு பகல் போதுமாக இருந்தது அவர்களுக்கு.

திறப்பு விழாவன்று காலை, பொருள் தந்தவர்கள் முதலில் வந்து பார்க்கலாம் என்று அழைத்திருந்தோம். சிறப்பு விருந்தினர் மதியம் வருவார். நான் காலைப் பூசை முடித்து வந்து, காப்பிகூடக் குடிக்காமல் நின்றுகொண்டிருந்தேன். மேல்மாடிக் காவலர் ஓடிவந்து, ஒரு அம்மா அழுகிறார் என்றார்.

மூன்றாம் மாடி, இந்தியப் பகுதி. நடு மண்டபத்தில் ஒரு புதுப் பெட்டி. கறுப்பு வெல்வெட் மேல் கருகமணி மட்டும் தனியாகக் கிடந்தது. பக்கத்தில் லேபிள்: கடல் கடந்த தமிழர் பண்பாட்டின் அழியாச் சான்று. எதிரில் மைமூன் நின்றுகொண்டிருந்தார்.

"லாத்தா கடைசி நேரத்துல மாட்டேன்னுட்டாங்களா மிஸ்? என்னோடதுகூட வைக்க வேணாம்னு சொல்லிட்டாங்களா?"

"இல்லம்மா. இங்கேயே நில்லுங்க. எங்கேயும் போகாதீங்க" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினேன். லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

இரண்டாம் மாடியில் ஜமீலா பொம்மைக்கு முன்னால் நின்றார். பாஜு, சாரோங் எல்லாம் இருந்தது. கழுத்து மொட்டையாக இருந்தது. லேபிள்: மலாய் மணமகள் உடை. கைப்பை தோளில் ஏறியிருந்தது, கிளம்பத் தயார்.

தங்கச்சி தரவில்லையா என்று மலாயில் கேட்டுவிட்டு, "தாக் அப்பா" என்றார். தாக் அப்பா என்றால் மலாயில் பரவாயில்லை. மனுஷர்கள் பரவாயில்லை என்று சொல்லும்போது அது பரவாயில்லாமல் இருந்ததை நான் பார்த்ததே கிடையாது.

என்ன நடந்தது என்றால், சால்வைக்காரர் முந்தின நாள் வந்திருக்கிறார். தமிழர் கருகமணி மலாய் மாடியில் இருப்பதைப் பார்த்திருக்கிறார். தமிழினத்தின் தாலி ஒத்த பொருளை அடுத்த மாடிக்குத் தாரைவார்ப்பதா என்று கேட்டிருக்கிறார். இயக்குநருக்கு மறுநாள் விழா. தலைவலி வேண்டாம் என்று கழற்றி மேலே அனுப்பிவிட்டார். என் கையெழுத்து கேட்க நான் அங்கே இல்லை, போன் பண்ணவும் யாருக்கும் தோன்றவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்கிற கதை. அடுத்தவர் பொருளை நறுக்கிப் பகிர்வதற்கு எத்தனை தாராளம்! ஒரு கல்யாணப் பெண்ணைக் கழுத்தோடு வெட்டி, தலைப்பக்கம் உங்களுக்கு, உடம்பு அவர்களுக்கு என்று மாடிக்கு ஒரு துண்டாக வைத்துவிட்டு, இரு தரப்புக்கும் நியாயம் செய்ததாக நினைத்துக்கொண்டார்கள். கேலாங் வீட்டு வாசலில் ஜமீலா ஒரு தரம் செய்ததை இவர்கள் பட்ஜெட் போட்டு, விளக்கு வைத்து, நாலு மொழியில் லேபிள் எழுதிச் செய்திருந்தார்கள்.

இயக்குநரைப் பிடித்தேன். அவர் நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்களால்தான் இந்த மாதிரி வேலைகள் எல்லாம் நடக்கும். கண்காட்சி ஒரு வருஷம் இருக்கும், ஆறு மாதம் கழித்து இடம் மாற்றிக்கொள்ளலாம் ஸ்டெல்லா, இன்றைக்கு ஒன்றும் தொட வேண்டாம் என்றார். பக்கத்தில் சால்வைக்காரர் சரிகைக் கரையைச் சரிசெய்துகொண்டே, "துணி யாருடையது என்பது முக்கியமில்லை அம்மா. மணி நம்முடையது. வரலாறு பேசும்" என்றார்.

"வரலாறு மேல்மாடியில அழுதுகிட்டு நிக்குது சார். போய்ப் பேசிட்டு வாங்களேன்" என்றேன். அவர் போகவில்லை.

பிள்ளைகளா, இந்த இடத்தில் நின்று கேளுங்கள். நெருக்கடியில் உங்களுக்கு இரண்டு பேர் மேல் பயம் வரும். ஒருவர் உங்களுக்குச் சம்பளம் தருகிறவர். இன்னொருவர் உங்களை நம்பிப் பொருள் தந்தவர். சம்பளம் தருகிறவரின் கோபம் அடுத்த மாதம் தணிந்துவிடும். ஜமீலா அந்த லிப்டில் ஏறிப் போய்விட்டால், அது தணிய இன்னொரு ஆயுள் வேண்டும். எதற்கு முதலில் ஓட வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது. இதற்கு முதுகலைப் பட்டம் வேண்டாம்.

எனக்கு ஒரு அதிகாரம் இருந்தது என்றேனே. என் கையெழுத்து இல்லாமல் நகர்ந்த பொருளை, சேதம் இருக்கிறதா என்று பார்க்க உடனே பெட்டியைத் திறந்து எடுக்கும் உரிமை ரெஜிஸ்ட்ராருக்கு உண்டு. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அத்தனை வருஷத்தில் அந்த உரிமையை நான் கரையான் பயத்துக்குத்தான் பயன்படுத்தியிருக்கிறேன். மெய் லிங்கைக் கூப்பிட்டேன். சாவி எடுத்துக்கொண்டு மேலே போனோம். கருகமணியைத் தட்டில் எடுத்து வைத்தேன். மைமூனிடம், "வாங்க, கீழே போவோம்" என்றேன்.

அக்காவும் தங்கையும் பொம்மைக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை, யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, மடத்தனம் எங்களுடையது என்றேன். ஜமீலா பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார்.

காட்சிப் பொருளை எங்கள் ஆட்கள் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்பது விதி. உரிமையாளர் கேட்டால், கையுறை போட்டு, எங்கள் முன்னிலையில் தொடலாம் என்பது அதன் வால். ஜமீலா கேட்கவில்லை. கேட்டதாக நான் வைத்துக்கொண்டேன். ஒரு ஜோடி கையுறையை அவரிடம் நீட்டினேன்.

"நீங்களே கட்டிடுங்க. எங்களுக்கு முறை தெரியாது" என்று மலாயில் சொன்னேன். முந்தின வாரம் நானே கட்டியதுதான். மெய் லிங் கூரையைப் பார்த்தாள்.

ஜமீலா கையுறையைப் போட்டுக்கொண்டு கருகமணியை எடுத்தார். பொம்மையின் பின்கழுத்துக்குக் கொண்டுபோனார். அப்போதுதான் மைமூன் வாயைத் திறந்தார்.

"பொம்மைக்குக் கட்டுறீங்க. என் மகளுக்குக் கட்டமாட்டீங்களா லாத்தா?"

ஜமீலா முடிச்சைப் போட்டார். வழுக்கியது. அவிழ்த்து மறுபடி போட்டார். தங்கையைத் திரும்பிப் பார்க்காமல், நான் அதுவரை அவர் வாயில் கேட்டிராத தமிழில் கேட்டார்:

"கல்யாணம் என்னைக்கு?"

மைமூன் தேதியைச் சொல்ல முடியாமல் அழுதார். மெய் லிங்குக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, அவளும் அழுதாள். நான் அழவில்லை, எனக்குப் பெட்டி மூடும் வேலை இருந்தது. சரி, கொஞ்சம் அழுதேன்.

மேல்மாடியில் பெட்டி காலியாக இருந்தது. சால்வைக்காரர் அதன் முன்னால் நின்று பேசுவதற்கு ஒரு உரையே தயாரித்து வைத்திருந்தார். ஒரு வெள்ளை அட்டையில் பேனாவால் எழுதி வெல்வெட் மேல் வைத்தேன்: 'இங்கிருந்த கருகமணி கீழ்மாடியில் தன் உடுப்போடு இருக்கிறது.' மதியம் சிறப்பு விருந்தினர் அதைப் படித்தார், சிரித்தார், எல்லாரையும் அழைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். நெடுநேரம் பொம்மை முன்னால் நின்று கேள்வி கேட்டார். எங்கள் இயக்குநர் கொஞ்சமும் தயங்காமல், மாடிக்கும் மாடிக்கும் நடக்கும் உரையாடல் இது, ஆரம்பத்திலிருந்தே எங்கள் கருத்தாக்கம் என்றார். பிறகு வந்த கண்காட்சி மலரில் அந்தக் காலிப் பெட்டிக்குத் துணிச்சலான முடிவு என்று ஒரு பத்தி பாராட்டு. சால்வைக்காரருக்கு நன்றி தெரிவித்து இன்னொரு சால்வை. எனக்கு நடைமுறை மீறல் என்று ஒரு கண்டிப்புக் கடிதம். அதை மடித்து ஆடுகிற மேசையின் காலுக்குக் கீழே வைத்தேன். மேசை ஆடுவது நின்றது, ஆக அதுவும் வீண்போகவில்லை.

அடுத்த மாதம் மைமூன் போன் செய்தார். கல்யாணத்தன்று ஒரு நாள் மட்டும் கருகமணி வேண்டும். இயக்குநர் காப்புறுதி, முன்னுதாரணம் என்று என்னென்னவோ சொன்னார். அவங்க பொருள் சார், அவங்க கழுத்து சார் என்றேன். கையெழுத்துப் போட வேண்டியவள் நான், போட்டேன். பெட்டியில் பேனாவால் இன்னொரு அட்டை எழுதி வைத்தேன்: 'கருகமணி இன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறது. நாளை வந்துவிடும்.' அந்தக் கண்காட்சியிலேயே கூட்டம் நின்று படித்த லேபிள் அதுதான் என்று காவலர்கள் சொன்னார்கள். அம்புக்குறிச் சுவரைத் தாண்டி நேரே அதைப் படம் எடுக்கப் போனார்களாம்.

பொருள் வெளியே போனால் ரெஜிஸ்ட்ரார் கூடவே போக வேண்டும் என்பது விதி. ஆகவே குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், பந்தல் துணிக்கு அடியில், அலுவலகப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பிரியாணி தின்றேன். கேலாங்கிலிருந்து ஒரு முழு பஸ் நிறைய மலாய் உறவினர்கள் வந்திறங்கினார்கள். முன்பு எந்தக் கூட்டத்துக்குப் பயந்து கருகமணி பைக்குள் போனதோ, அதே கூட்டம்தான். அவர்களுக்கு முன்னால் ஜமீலா எழுந்து மணப்பெண்ணின் பின்னால் போய் நின்றார். நான் பெட்டியைத் திறந்து நீட்டினேன்.

அவர் எடுக்கவில்லை. வெறுங்கைகளைத் தூக்கி என்னிடம் காட்டினார்.

"கையுறை போடணுமா மிஸ்?"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் மாற்றிச் சொன்னேன்.

"வேணாம் லாத்தா. கட்டுங்க."